கொட்டகலையிலிருந்து திரும்பிய பின்

ஊழியப் பயணம் போய்த் திரும்பியவர்களுக்கு அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சில நிமிடங்கள் ஒதுக்குவது எங்கள் சபையின் வழக்கம். அந்த நேரத்தில் கண்கலங்காமல் பேசி முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திவிட்டு வந்த நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அது அவர்களுக்காக வந்ததா, எனக்காக வந்ததா என்ற கேள்வி மாதங்கள் கடந்தும் என்னை விடவில்லை.

திருநெல்வேலிக்கும் அந்த மலைகளுக்கும் உள்ள உறவு பழையது. காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களிடையே 1854இல் அருட்பணி தொடங்கியபோது, அந்தப் பணிக்கு வேதம் கற்பிக்கும் உபதேசியார்கள் முதன்முதலில் போனது எங்கள் திருநெல்வேலியிலிருந்துதான். தோட்டம் தோட்டமாகச் சுற்றி அந்த மக்களோடே வாழ்வதற்காகப் போனவர்கள் அவர்கள். நாங்களோ திரும்பி வரும் நாளையும் விமான இருக்கையையும் உறுதி செய்துகொண்டு புறப்பட்டவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, வேலையும் குடும்பமும் உள்ளவர்களால் அவ்வளவுதான் முடியும். இருந்தாலும், குறுகிய பயணத்தில் உணர்ச்சி ஏன் அத்தனை வேகமாகப் பொங்குகிறது என்பதற்கு இந்த வேறுபாட்டிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அங்கே பழகிச் சலிப்பதற்கோ, ஒருவரோடு ஒருவர் முரண்படுவதற்கோ நேரம் இருப்பதில்லை.

நாங்கள் தங்கியது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீடு ஒன்றில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அந்த வீட்டார் அடுப்படியில் படுத்துக்கொண்டார்கள். நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள், நாளெல்லாம் கொழுந்து பறித்த களைப்போடு வந்து எங்களுக்கு ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்துப் பரிமாறினார்கள். கொடுக்கப் போனவர்கள் என்ற நினைப்போடு போய், வேளாவேளைக்கு வாங்கிக்கொள்பவர்களாக உட்கார்ந்திருப்பது முதலில் கூச்சமாகவும் பிறகு பாரமாகவும் இருந்தது. சபையில் நாங்கள் வழக்கமாகச் சொல்லும், பிறர் மீட்புக்காக ஏங்கும் ஆத்தும பாரம் அல்ல அது. வெறும் கடன்பட்ட உணர்வு.

அந்த வீட்டுப் பாட்டி ஒரு மாலையில், நான் வேதக் கதைப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்து, "கோத்தகிரி உங்க ஊருக்குப் பக்கமா பாப்பா?" என்று கேட்டார். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை இந்தியாவின் பங்காகக் கணக்கிட்டது. அந்தக் கணக்கில்தான் பாட்டியின் அக்காள் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, பிறகு நீலகிரியில் குடியமர்த்தப்பட்டது. சில ஆண்டுகள் வந்த கடிதம் பின்னர் நின்றுபோயிற்று. இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் பாட்டி இதைத்தான் கேட்பார் என்று மருமகள் பிறகு சொன்னார். எங்கள் பாடத் திட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

கடைசி நாள் பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழுதார்கள், நாங்களும் அழுதோம், படம் எடுத்துக்கொண்டோம். அப்போது ஒரு சிறுமி, "அடுத்த வருஷம் யாரு அக்கா வருவாங்க?" என்று கேட்டாள். நீங்கள் மறுபடி வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை. ஆண்டுதோறும் ஒரு குழு வருவதும், நெருங்குவதும், போய்விடுவதும் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எங்களுக்கு ஒருமுறை நேரும் பிரிவு, அந்தப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் நேர்கிறது. அதைப் பற்றி எந்தச் சாட்சியிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போய், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டு கிளர்ந்து, மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். அதுவும் ஒரு குறுகிய பயணம்தான். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவரே மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, உடைமைகளையும் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சை எங்கள் வட்டாரத்தில் பெருமையாக நினைவுகூர்கிறோம். கொட்டகலையில் நிற்கும்போது, அது எங்களை நோக்கியும் பேசப்பட்டது போல இருந்தது.

திரும்பிய புதிதில் எல்லோருக்கும் வரும் கோபங்கள் எனக்கும் வந்தன: திருமணப் பந்தியில் மீந்த சோறு, எங்கள் சபைக் கோவிலுக்குப் புதிதாகப் போட்ட சலவைக்கல் எல்லாமே உறுத்தின. அவை சில வாரங்களில் வடிந்தன. பாட்டியின் அக்காளைப் பற்றிக் கோத்தகிரிப் பக்கத்துச் சபை ஒன்றில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை தகவல் இல்லை. தோட்டத்து உபதேசியாரிடம் என்ன தேவை என்று கேட்டபோது, பாடலோ நாடகமோ வேண்டாம், இலங்கைப் பள்ளிகளின் பொதுத்தேர்வான சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார். சனிக்கிழமை மாலைகளில் கைப்பேசி வழியாக அதைச் செய்து வருகிறேன். மழை பெய்தால் இணைப்பு அறுந்துவிடும், பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டுக்கணக்கு செய்வதில்லை, நானும் சில நாட்களில் எரிச்சலோடு பேசிவிடுகிறேன். இந்த வாரம் இருபடிச் சமன்பாடு. அந்தச் சிறுமியும் தன் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறாள்.