குறுக்குப் பட்டை

மதுரையில் பட்டை, அதாவது வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், அடிக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியின் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், படுத்துப் போனதைச் சூடேற்றி வளைக்கும்போது கேட்காமலே கொஞ்சம் கூடுதல் வளைவு கொடுப்பார்கள். இடம் இருந்தால் பட்டையின் அடுக்கில் ஒரு பிளேட்டும் சேர்த்துவிடுவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. மேலூர்ப் பக்கம் கல் ஏற்றிய லாரிக்கும், கல்யாணத்துக்கு எட்டுப் பேரைத் திணித்துக்கொண்டு போன அம்பாசடருக்கும் அதுதான் தேவைப்பட்டது. ஆனால் அதே வேலையை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்கிற பழைய காருக்குச் செய்தால் வண்டி வளைவில் ஆளை ஏமாற்றும்.

கே.புதூர்ப் பக்கம் வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் வேலை செய்கிறேன். சோறு போடுவது ஸ்விஃப்டும் பொலேரோவும்தான். பழைய வண்டி வருவது எப்போதாவதுதான், வந்தால் மற்ற வேலை எல்லாம் தள்ளிப்போகும்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி கொண்டுவந்த வண்டி அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்தது. அதே சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி 1962இல் போட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். பின்பக்க அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. எனவே ஸ்பிட்ஃபயரைப் பற்றி வெளிநாட்டில் எழுதிய அத்தனை புகாரும் நம் ஊர் ஹெரால்டுக்கும் பொருந்தும். நல்லதும் உண்டு. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாசி வீதிகளில் அதை ஓட்டியவர்கள் இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

அம்பாசடரின் பின் ஆக்சில் ஒரே தடி. பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் சக்கரம் இரண்டும் நேராகத்தான் நிற்கும், பாடி மட்டும் மேலே போகும். ஹெரால்டில் அப்படி இல்லை. இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்த்து முடுக்கியிருக்கும். இரண்டு பக்கமும் தனித்தனி ஷாஃப்ட், உள்பக்கம் மட்டும் ஆளுக்கு ஒரு கிராஸ், அதாவது மடங்கும் மூட்டு. வெளிப்பக்கம் மடங்க வழியில்லாததால், ஷாஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரமும் கூடவே சாயும். இரண்டு சக்கரத்தையும் தாங்குவது டிஃபரன்ஷியல் தலைமேல் குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டை.

ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினால் விஷயம் கண்ணுக்கே தெரியும். இரண்டு சக்கரமும் சம்மணம் போட்டதுபோல் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். ஜாக்கியை இறக்கினாலும் உடனே விரியாது. டயர் தரையைக் கடித்துக்கொள்ளும், வண்டி பின்பக்கம் தூக்கியபடியே நிற்கும். முதல்முறை பார்த்த பையன், "அண்ணே, ஆக்சில் ஒடிஞ்சுபோச்சு" என்று ஓடிவந்தான். வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டினால் சக்கரம் தானாக விரிந்து உட்கார்ந்துவிடும். உருட்டாமல் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, அளந்தால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

இதுவே வளைவில், ஓடும்போது நடந்தால்? சிறுமலைக்குப் போகும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பயமில்லை, அங்கே வேகமே இருக்காது. ஆபத்து நத்தம் பக்கத்து நீள வளைவுகளில். கொஞ்சம் வேகமாக உள்ளே போய்விட்டு, பயந்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் லேசாகி எழும்பும். எழும்பியதும் பாரம் தாங்க வேண்டிய வெளிச் சக்கரம் அடியில் மடங்கிவிடும். டயர் முழு அகலத்தில் நிற்காமல் ஓரத்தில் நிற்கும். அப்புறம் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். காலை எடுக்காமல், ஒரே அளவில் மிதித்தபடி வளைவை முடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

காரைக்குடிப் பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் தம் ஹெரால்டைக் கொண்டுவந்தார். "பின்னாடி மிதக்குது தம்பி, அறுபதுக்கு மேல போனா பயமா இருக்கு" என்றார். புது ஷாக், புது டயர், புது புஷ் எல்லாம் போட்டாகிவிட்டதாம். குனிந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பின்னால் பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்தது: வண்டி சும்மா நிற்கும்போதே இரண்டு பின் சக்கரமும் மேல்பக்கம் வெளியே சாய்ந்து நின்றன. பட்டைக்கு யாரோ வளைவு ஏற்றி, பிளேட்டும் சேர்த்திருந்தார்கள். ஒரே வேலையில் இரண்டு கெடுதல். உயரம் கூடியதால் சக்கரம் பாதி மடங்கிய நிலையிலேயே வளைவுக்குள் போகிறது. பட்டை விறைத்ததால் பின்பக்க வெளி டயர்மேல் பாரம் இன்னும் கூடுகிறது.

சேர்த்த பிளேட்டைக் கழற்றி வளைவைக் குறைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சேத்தாக் காசு கேக்கலாம். கழட்டுறதுக்கு என்னத்தண்ணே கேக்குறது?" அதே கூலியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பட்டையை மாட்டியபின் முன் சீட் இரண்டிலும் சிமென்ட் மூட்டையை வைத்து, வண்டியை உருட்டி, அதற்கப்புறம் அளந்தோம். ஆள் உட்கார்ந்த பாரத்தில் பின் சக்கரம் மேல்பக்கம் துளி உள்ளே சாய்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவருக்குத் திருப்தி இல்லை. "பின்னாடி தாழ்ந்து கெடக்கே, பாக்க நல்லா இல்லையே" என்றார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொன்னேன். வந்தவர் உயரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வண்டியை உயர்த்திக் கெடுப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவின் பம்பர் உயர விதிக்காக 1974 கடைசியில் எம்ஜிபி என்கிற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை அதன் கம்பெனியே சுமார் ஓர் அங்குலம் தூக்கியது. போதாததற்கு வளைவில் பாடி சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி வளைவில் சாய்ந்து தள்ளாட ஆரம்பித்தது. 1977 மாடலில்தான் முன்னும் பின்னும் பார் போட்டுச் சரிசெய்தார்கள்.

டயர் காற்றிலும் இதே கதை. பின்னால் இன்ஜின் வைத்த ஷெவர்லே கார்வேருக்கும் ஆரம்ப மாடல்களில் இதே ஆடும் ஆக்சில். அதற்குக் கம்பெனி சொன்ன காற்றளவு முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26. அந்த வித்தியாசத்தில்தான் வண்டியின் குணமே இருந்தது. நம் பங்க்கில் காற்றடிக்கும் பையனிடம் போய் முன்னால் பதினைந்து என்று சொல்லிப் பாருங்கள், பஞ்சரா என்று கேட்பான். பழைய வண்டிக்காரர்களிடம் நான் சொல்வது, காற்று அளக்கும் மீட்டர் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

போர்ஷே 911 வேறு ஜாதி. ஆக்சில் அப்படி மடங்காது, ஆனால் இன்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. அங்கும் வளைவு நடுவில் காலை எடுத்தால் அதேபோல் பின்பக்கம் சுற்றப் பார்க்கும். 1969 மாடலில் பின் சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிவைத்துக் கொஞ்சம் அடக்கினார்கள்.

ட்ரையம்ஃப் பிரச்சினைக்கு இரண்டு ஊரில் இரண்டு தீர்வு வந்தது. இங்கிலாந்தில் 1970இல் ஸ்பிட்ஃபயரின் பட்டையில் ஒரு பிளேட்டை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை நடுவில் ஆட விட்டார்கள். வண்டி சாயும்போது பின்பக்கம் விறைக்காது, எழும்புவதும் குறையும். இங்கே 1972இல் ஹெரால்டுக்கு அடுத்ததாக ஸ்டாண்டர்டின் கெஸல் கார் வந்தபோது அந்த அமைப்பையே எடுத்துவிட்டு ஒரே தடி ஆக்சில் போட்டார்கள். பழைய கார் பிரியர்கள் இதைச் சொல்லி வருத்தப்படுவார்கள். எனக்கு வருத்தமில்லை. பட்டையை உயர்த்தாமல் விடாத ஊருக்கு, உயர்த்தினாலும் கெடாத ஆக்சில்தான் பொருத்தம். அதற்காக இருக்கிற ஹெரால்டுக்கும் தடி ஆக்சில் மாட்டித் தரச் சொன்னால் மாட்டேன். வேலை மட்டமாகத்தான் வரும்.

முன்பக்கத்தில் ஒரு விஷயம் பாக்கி. கீழே டிரனியன் என்று ஒரு வெண்கலக் கட்டை இருக்கும். இரும்புத் தண்டு அதன் மரைக்குள் இறங்கி, ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது. தண்ணீர் தங்கித் தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். பெயர்பெற்ற லோட்டஸ் எலான் காரிலும் இருப்பது இதே ட்ரையம்ஃப் தண்டுதான். என் கடையில் ஒரு கிரீஸ் கன்னில் ஆயில் மட்டும் நிரப்பி, சிவப்பு டேப் சுற்றித் தனியாக மாட்டியிருக்கிறேன். ஹெரால்டு வந்தால் பையன்கள் அதைத்தான் எடுக்க வேண்டும்.