அமேசான் காட்டில் ஒரு திருப்பலிக்கான காத்திருப்பு

அமேசான் காட்டின் உட்புறத்தில், ஆற்று வழியே படகில் மட்டுமே சென்றடையக்கூடிய சில கத்தோலிக்கச் சமூகங்களுக்கு, ஒரு குருவானவர் திருப்பலி நிறைவேற்றத் திரும்பி வருவதற்கு மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகளே ஆகின்றன. நம் ஊர் உபதேசியாரைப் போன்ற ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், அங்கே செபத்தை வழிநடத்துவார், இறைவார்த்தையை வாசிப்பார், ஆயினும் அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கவோ, பாவமன்னிப்பு வழங்கவோ அவரால் இயலாது.

இதற்குத் தீர்வாக, குருவுக்கு அடுத்த நிலையில் பணியாற்றும், குடும்பமுள்ள நிரந்தரத் திருத்தொண்டர்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்தலாம் என்ற பரிந்துரையை, 2019 அக்டோபரில் வத்திக்கானில் கூடிய ஆயர் மாமன்றம் 128க்கு 41 என்ற வாக்குகளில் ஏற்றது. மறு பிப்ரவரியில் வெளியான தமது மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் ஏமாற்றமே.

ஏனெனில் குருக்கள் மணம் புரியாமல் வாழும் மணத்துறவு மாற்ற முடியாத கோட்பாடன்று, திருச்சபையின் ஒழுங்குமுறை மட்டுமே. திருத்தந்தையோடு ஒன்றித்திருக்கும் உக்ரைனியக் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில், திருநிலைப்பாட்டுக்கு முன்பே மணமானவர்கள் குருக்களாகப் பணியாற்றுகிறார்கள். பெரும்பாலான கத்தோலிக்கர்கள் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறையிலும், ஆங்கிலிக்கன் சபையிலிருந்து வந்த மணமான போதகர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. பெண்களின் குருத்துவம் வேறு வகையான வழக்கு: அதை வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் இரண்டாம் யோவான் பவுல் அறிவித்துவிட்டார். ஆகவே, அந்தக் கரையோரச் சிற்றாலயத்தை ஆண்டு முழுவதும் உயிர்ப்புடன் வைத்திருக்கும் பெண்ணுக்கு, 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை நிறைவேறியிருந்தாலும் பீடத்தில் இடம் கிடைத்திருக்காது.