சிம்கார்டோடு போன சந்தை

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஒரு பீரோ சாவியைக் கொடுத்தார்கள். காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டு மாடிதான் அலுவலகம். பீரோவுக்குள் நான்கு வருஷத்து அறிக்கைகள், எல்லாம் ஸ்பைரல் போட்டு, வரிசை எண் ஒட்டி. "இனி இதுக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பு" என்றார் மேலாளர். என் பதவியின் பெயர் கற்றல் மற்றும் அறிவு மேலாண்மைப் பொறுப்பாளர். வீட்டில் சொன்னபோது அம்மா, "வாத்தியார் வேலையா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

திட்டம் வேளாண் சந்தை மேம்பாடு பற்றியது. விதையோ பணமோ இலவசமாகக் கொடுக்கும் திட்டம் இல்லை. வியாபாரி, மில், விவசாயி ஆகிய மூவருக்கும் நடுவே இருக்கிற கொடுக்கல் வாங்கலைக் கொஞ்சம் சரிசெய்தால் சிறு விவசாயிக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும் என்பது அடிப்படை. சாக்கோட்டை, கல்லல், திருப்பத்தூர் ஒன்றியங்கள், அந்தப் பக்கம் திருமயம், அரிமளம் வரை எங்கள் களம். கண்மாய்ப் பாசனத்தில் நெல், செம்மண்ணில் மானாவாரிக் கடலை. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற பூமி.

முதல் மாதம் முழுக்கப் பீரோவைப் படித்தேன். ஒரு வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: 'விவசாயிகளிடையே போதிய விழிப்புணர்வு இல்லை.' அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கடலை கொண்டுபோகச் சொன்னோம், ஒரு தடவை போனார்கள், மறுபடி ஊர் வியாபாரியிடமே போட்டார்கள். காரணம், விழிப்புணர்வு இல்லை. தீர்வு, இன்னும் இரண்டு பயிற்சி முகாம். நாலு வருஷமாக இதே சக்கரம்.

கல்லல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், ஏன் மறுபடி போகவில்லை என்று. "மூட்டைக்கு நூத்தியிருபது கூடக் கெடச்சுச்சு தம்பி, இல்லைன்னு சொல்லல. வண்டிக்கு எவ்வளவுன்னு நீங்க யாரும் கேக்கவே இல்லையே" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் 8 மூட்டை. மூட்டைக்கு 120 ரூபாய் வீதம் 960 கூடுதல். டாடா ஏஸ் வாடகை 700. அன்றைக்கு அவர் கூலி வேலைக்குப் போகாததால் 400 போயிற்று. ஆக, கூடுதல் விலை வாங்கி 140 ரூபாய் நஷ்டம். விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை, அது உண்மை. ஆனால் பணம் வங்கிக் கணக்கில் ஏற மூன்று நாள். ஊர் வியாபாரி வாசலுக்கே வந்து தராசு போட்டு, அந்த இடத்திலேயே ரொக்கம் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். அது மட்டுமா, ஆனி மாதம் விதைக் கடலைக்கு முன்பணம் கொடுத்தவரும் அவர்தான். வேறிடத்தில் விற்றுவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு என்று அன்றைக்குத் தெரிந்தது.

இதைவிட என்னைக் குடைந்தது இன்னொன்று. பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு இருநூறு பக்க நோட்டு கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போன களப்பணியாளர் எழுதியது. 'வண்டிக் கூலி தின்றுவிடுகிறது. ஐந்து வீடு சேர்ந்தால் கட்டும்' என்று தேதி போட்டு எழுதியிருந்தார். அதே மாதத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'தடைகள்' என்ற கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம். அந்த இரண்டு வரியில் விழிப்புணர்வு இல்லாமைதான் உட்கார்ந்திருந்தது. நோட்டிலிருந்து அறிக்கைக்கு வருவதற்குள் விஷயம் செத்துவிட்டது.

அந்த மனிதரைத் தேடிப் புதுக்கோட்டைக்குப் போனேன். இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் மூன்று மணி நேரம் பேசினார். எந்த வியாபாரி ஈரப்பதத்தில் விளையாடுவார், எந்த வியாபாரி சாக்கு எடையைக் கழிக்கும்போது நியாயமாக இருப்பார், எந்த ஊரில் தலைவரைப் பார்ப்பதைவிட மகளிர் குழுவைப் பார்ப்பது நல்லது, எல்லாம் விரல் நுனியில். "இதையெல்லாம் யாராவது கேட்டாங்களா?" என்றேன். "ரிலீவிங் ஆர்டர் வாங்கும்போது லேப்டாப், அடையாள அட்டை, ஹெல்மெட் மூணையும் கேட்டாங்க" என்றார்.

விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கதையும் இதுதான். பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்க 2020-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்று வைத்தார்கள், நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷத்துக்கு 18 லட்சம் வரை உதவியும் அறிவித்தார்கள். முதன்மைச் செயல் அலுவலர் என்று ஒரு பையனையோ பெண்ணையோ போடுகிறார்கள். அவர் வியாபாரிகளைப் பழகிப் பிடித்து, மில்காரரிடம் பேசி, ஒரு வழிக்குக் கொண்டுவரும்போது வேறிடத்தில் நல்ல சம்பளம் கிடைத்துவிடுகிறது. போய்விடுகிறார். குறை சொல்ல முடியாது. எங்களோடு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் வாங்குகிறவர்களின் எண்கள் மொத்தமும் அப்படிப் போனவரின் சிம்கார்டில் இருந்தன. ஒரு பருவத்துச் சந்தையே அந்த சிம்கார்டோடு போயிற்று.

இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியது எந்தக் கையேடும் இல்லை, கோட்டையூரில் நான் குடியிருந்த வீட்டு ஐயா. எண்பதைத் தாண்டிய நகரத்தார். அவருடைய அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போனவர். ஒரு சாயங்காலம் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "எங்க ஆளுக மூணு வருஷக் கணக்குக்குப் போவாக. மூணு வருஷம் முடிஞ்சா வேற ஆள். கடை நின்னுச்சா?" என்றார். கடை ஏன் நிற்கவில்லை என்று அவரே சொன்னார். பையன் முதலில் பெட்டியடியில் உட்கார வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் வருகிறார், எப்படிக் கடன் கேட்கிறார், மேலாள் என்ன பதில் சொல்கிறார் என்று காதால் வாங்க வேண்டும். அப்புறம் அடுத்தாள், அதாவது மேலாளுக்கு அடுத்த இடம். அதற்கும் அப்புறம்தான் பொறுப்பு. ஊருக்குத் திரும்புகிறவர் சாவியை நீட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட முடியாது. ஐந்தொகை என்கிற மொத்த இருப்புக் கணக்கைப் போட்டுக் காட்டி, பேரேட்டில் இருக்கிற ஒவ்வொரு பேரையும் புது ஆளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். "ஏட்டுல தொகை இருக்கும். ஆளு எப்படின்னு ஏட்டுல இருக்காதுல்ல?"

மறுநாளே மேலாளரிடம் போனேன். இனி யார் விலகினாலும் பதினைந்து நாள் புது ஆளோடு சேர்ந்து களத்தில் சுற்ற வேண்டும், ஒவ்வொரு வியாபாரியையும் மில்லையும் நேரில் காட்ட வேண்டும் என்றேன். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா என்று கணக்குப் பிரிவு முறைத்தது. பேரம் பேசி, பதினைந்து நாள் பத்து நாளாக முடிந்தது. செட்டிநாட்டில் பேரம் பேசாமல் எது முடியும்?

அடுத்ததாக நான் கொண்டுவந்தது குரல் பதிவு. களப்பணியாளர்களை அறிக்கை எழுதச் சொன்னால் போன மாதத்ததை நகல் எடுத்து ஊர்ப் பெயரை மாற்றிவிடுவார்கள். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிஷம் பேசிப் போடுங்கள், அன்றைக்கு ஆச்சரியப்பட்டது எது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். பிரமாதமாக வந்தது. ஒரு மாதம்தான். ஒரு வியாபாரி நம்பிக்கையில் தன் லாபக் கணக்கைச் சொல்லியிருந்தார். அந்தப் பதிவு எப்படியோ ஒரு விவசாயிகள் குழுவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் அலுவலக மாடிப்படியில் நின்றார். கத்தவில்லை. "உங்ககிட்ட சொன்னது என் தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவரைத் திரும்பப் பேசவைக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. வாட்ஸ்அப் குழுவைத் தொடங்குமுன் எதை யார் கேட்கலாம் என்று பிரித்து வைக்காதது முழுக்க என் தவறு. சந்தை வேலையில் தகவல் என்பது ஒருவருடைய பிழைப்பு. அதற்குப் பிறகு விலை, லாபம், கடன் எதுவும் பதிவில் வரக்கூடாது, நேரில்தான் என்று வைத்தோம்.

சுவரில் ஒரு பெரிய சார்ட் மாட்டியிருந்தோம். தனியார் தொழில் மேம்பாட்டு வேலை செய்கிற நன்கொடை அமைப்புகளின் கூட்டுக்குழு ஒன்று 2008-ல் ஒரு தரநிலை கொண்டுவந்தது. அதன்படி முதல் வேலையே, இதைச் செய்தால் இது நடக்கும், அதனால் அது நடக்கும் என்று அம்புக்குறி போட்டுப் படமாக வரைவது. எங்களிடமும் படம் இருந்தது, அழகாக, கண்ணாடிச் சட்டம் போட்டு. சட்டத்தைக் கழற்றியதுதான் நான் செய்த உருப்படியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். கண்ணாடிக்கு மேல் பேனாவால் அடிக்க முடியாதே. கடலை அம்புக்குறியை அடித்து, நடுவில் 'வண்டி' என்று ஒரு கட்டம் போட்டோம். அடுத்த அறுவடைக்கு ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரே வண்டி. சில ஊரில் நடந்தது. சில ஊரில் பங்காளிச் சண்டையில் நின்றுபோயிற்று. அதையும் சார்ட்டில் எழுதினோம்.

மாதாந்திரக் கூட்டம்தான் பெரிய பாடு. 'தவறிப்போனதைப் பேசுவோம்' என்று பெயர் வைத்தேன். முதல் மாதம் சமோசா தீர்ந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாதமும் அப்படியே. பிறகு மேலாளரிடம் தனியாகக் கெஞ்சினேன், நீங்கள் முதலில் ஆரம்பியுங்கள் என்று. நல்ல மனிதர். மூன்றாம் மாதம் கவுனி அரிசிக் கதையை எடுத்தார்.

செட்டிநாட்டு விசேஷ வீட்டில் கவுனி அரிசி இனிப்பு இல்லாமல் பந்தி இல்லை. நல்ல விலையும் உண்டு. அதனால் முப்பது பேரைக் கறுப்புக் கவுனி போடவைத்தோம். அது ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர். அந்த வருஷம் மழை ஐப்பசியில்தான் பிடித்தது. மாசியில் கண்மாய் வற்றியபோது பயிர் கதிரில் நின்றது. தப்பித்து வந்த நெல்லை அரைக்க வழியில்லை. புதுவயலில் வரிசையாக நவீன அரிசி ஆலைகள் இருக்கின்றன, ஆனால் லோடு கணக்கில் வெள்ளை அரிசி ஓடுகிற ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்து நாலு மூட்டைக் கறுப்பரிசிக்கு யார் ஓட்டுவார்? "மில்லை விசாரிக்காம ஆரம்பிச்சது என் முடிவு, என் தப்பு" என்றார் மேலாளர்.

அறை அமைதியானது. மூலையில் இருந்த களப்பணியாளர் ஒருவர் மெதுவாக, "எனக்குத் தெரியும் சார். மில்லுல முந்தின வருஷமே சொன்னாங்க. நீங்க ரொம்ப உற்சாகமா இருந்தீங்க, அதான் சொல்லல" என்றார்.

மேலாளர் சிரித்துவிட்டார். அதன் பிறகு கூட்டத்துக்குச் சமோசா போதவில்லை.

நேரம் பற்றியும் ஒன்று கற்றேன். எங்கள் பட்ஜெட் மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும். விவசாயியின் வருஷம் அப்படி இல்லை. நெல் அறுவடைப் பாடத்தை நான் பொறுமையாகத் தொகுத்துச் சித்திரையில் கொடுத்தால், அதற்குள் அடுத்த வருஷத் திட்டம் கையெழுத்தாகிவிட்டிருக்கும். அதனால் பெரிய உட்காரல் இரண்டு என்று மாற்றினோம். அறுவடை முடியும் மாசிக் கடைசியில் ஒன்று, ஆடிப் பட்டத்துக்கு முன் ஆனியில் ஒன்று. நாற்பது பக்கத்துக்குப் பதிலாக ஒரு பக்கம். ஏதாவது ஒன்றை நிறுத்தாமலோ மாற்றாமலோ எழுந்திருக்கக் கூடாது.

நன்கொடையாளருக்கு இதெல்லாம் பிடித்ததா என்றால், அவர்களுடைய படிவத்தில் 'நடத்திய பயிற்சிகளின் எண்ணிக்கை' என்ற கட்டம் இன்னும் இருக்கிறது. நிரப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் நானும் விலகினேன். என் பத்து நாளை நான் மீறக் கூடாதல்லவா? புதிதாக வந்த பெண்ணை வண்டியில் வைத்து ஊர் ஊராகப் போனேன். மூன்றாம் நாள், அன்றைக்கு மாடிப்படியில் நின்ற அதே வியாபாரியின் கடை. அறிமுகம் செய்து, அவர் எப்படி வாங்குவார், யாருக்கு முன்பணம் கொடுப்பார் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டே கல்லாப் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இவர் சொல்றதுல பாதி பழைய கதை. நீ இங்க வந்து உக்காரும்மா, நான் சொல்றேன்."

அந்தப் பெண் நோட்டை எடுத்தாள். அவர் கையைக் காட்டி, நோட்டை மூடி வைக்கச் சொன்னார். நான் வெளியே வந்து வண்டியில் சாய்ந்து நின்றேன்.