பெட்டியில் அச்சிடாத வேகம்

என்.சி. வீதியிலுள்ள கணினிக் கடையொன்றில் இன்று மாலை ஒரு மாணவி தம் மடிக்கணினிக்கு எஸ்.எஸ்.டி. எனும் வேகமான சேமிப்பகம் ஒன்றைத் தெரிவு செய்துகொண்டிருந்தார். அவர் கையிலிருந்த பெட்டியில் விநாடிக்கு 7000 மெகாபைட் என்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது.

"தங்கச்சி, உங்கட லப்டொப்பில இருக்கிறது பிசிஐஈ மூன்றாம் தலைமுறை. இந்த வேகம் வராது" என்றார் கடைக்காரர்.

விலை கூடிய பொருளை விற்கும் வாய்ப்பை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அவரை மனதார மதிக்கிறேன்.

பிசிஐஈ என்பது எஸ்.எஸ்.டி.யைக் கணினியுடன் இணைக்கும் தடம். மாணவி எடுத்த நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி. அந்த மடிக்கணினியிலும் இயங்கும். ஆனால், வாசிப்பு வேகம் ஏறத்தாழ 3500 மெகாபைட்டுடன் நின்றுவிடும். எம்.2 எனும் சிறு அட்டை வடிவிலுள்ளவை அனைத்தும் பிசிஐஈ வழியே இயங்கும் என்விஎம்ஈ வகை அல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதே வடிவில் வரும், பழைய இணைப்பு முறையான சாட்டா வகை 550 மெகாபைட்டைச் சுற்றியே நிற்கும்.

என்னை அதிகம் உறுத்துவது எழுதும் வேகம்தான்.

ஒரு நினைவகக் கலத்தில் 4 பிட்டுகளைச் சேமிக்கும் கியூஎல்சி வகை, தொடக்கத்தில் வேகமாக எழுதுவதற்கென ஒதுக்கிய தற்காலிகப் பகுதி நிறைந்ததும், பெரிய காணொளிக் கோப்பொன்றின் நடுவிலேயே சில வேளைகளில் பழைய வன்தட்டைவிடவும் மந்தமாகிவிடும். 3 பிட்டுகளைச் சேமிக்கும் டிஎல்சி வகை இத்தகைய நீண்ட எழுத்தைப் பெரும்பாலும் நன்றாகத் தாங்கும். இந்த வேறுபாட்டைப் பெட்டியின் முகப்பில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை.

காணொளி தொகுக்கும் மாணவர்கள், தம் கணினிக்குப் பொருந்தும் தலைமுறையில் 1 டெராபைட் டிஎல்சி ஒன்றை வாங்கி, மீதிப் பணத்தை ரேம் நினைவகத்துக்கு ஒதுக்குவதே நல்லது.