பேசக் கூடாத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்
தொண்டையில் சோதனை செய்திருக்கிறார்கள். பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம்.

மார்ச் 5, புதன்
நாள் முழுக்க ஒரே பாட்டு. பாபெட்ஸ் என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் 'மிஸ்டர் லீ', 1957. இரண்டு நிமிடச் சொச்சம்தான். நியூயார்க், ஹார்லெம், பி.எஸ். 109 பள்ளிப் பிள்ளைகள். எட்டுப் பேராகத் தொடங்கி ஐந்து பேராக நின்றார்கள்: எம்மா, ஜேனி, ரீதர், லாரா, ஹெலன். எம்மாவும் ஜேனியும் கூடப் பிறந்தவர்கள். எல்லாரும் பதினொன்றிலிருந்து பதினைந்துக்குள். முதலில் ஹார்லெம் குயின்ஸ் என்று பெயர். ஏதோ அடிதடி கும்பல் மாதிரி இருக்கிறதென்று மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்
ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 8, சனி
மிஸ்டர் லீ அந்தப் பிள்ளைகளின் வாத்தியார். அவரைக் கண்டாலே ஆகாது. திட்டித்தான் பாட்டுக் கட்டினார்கள். அட்லாண்டிக் என்ற ரெக்கார்டு கம்பெனி வார்த்தைகளை மாற்றினால்தான் ஆச்சு என்றது. மாற்றினார்கள். கரித்துக் கொட்டிய வாத்தியார், பிள்ளைகள் மயங்குகிற அழகராகிவிட்டார். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடுகிற ஹிட் பாட்டு வரிசையில், பாப் பட்டியலில் 6ஆம் இடம், கறுப்பின மக்களின் இசையான ஆர் அண்ட் பி பட்டியலில் 4 வாரம் முதலிடம். அதற்கு முன் எந்தப் பெண்கள் குழுவுக்கும் இப்படி இரண்டும் சேர்ந்து வாய்த்ததில்லை.

ஆனால் கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே ஐந்து பேரும் கத்துகிற இடத்தில் காதல் எங்கே இருக்கிறது? அது இடைவேளையில் வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் போடுகிற சத்தம். வார்த்தையைத்தான் கம்பெனியால் மாற்ற முடிந்தது.

மார்ச் 9, ஞாயிறு
பாப்பா கணக்கு சாரைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டி, குளியலறையில் பக்கெட்டைத் தட்டித் தட்டிப் பாடுகிறாள். "வாத்தியாரைப் போய் அப்படிச் சொல்லலாமாடி?" என்று அம்மா சத்தம் போட்டாள். 'பாடட்டும் விடும்மா' என்று நோட்டில் பெரிதாக எழுதி நீட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்
இன்னும் இல்லை. இவர்தான் ஃபோன் செய்தார். நாளைக்காம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது. தூக்கம் வரவில்லை.

மார்ச் 12, புதன்
நாளையும் வந்துவிட்டது. ரிப்போர்ட் வரவில்லை.

1960இல் பாபெட்ஸ் இன்னொரு பாட்டுப் பாடினார்கள். மிஸ்டர் லீயைச் சுட்டுவிட்டேன் என்று! முதலில் அட்லாண்டிக்குக்காகத்தான் பதிவானது. கம்பெனி அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. அப்புறம் ட்ரிபிள் எக்ஸ் என்ற கம்பெனிக்காகப் புதிதாகப் பாடினார்கள். பாப் பட்டியலில் 52ஆம் இடம். 'ஒரே ஒரு ஹிட் கொடுத்த குழு' என்று எழுதுகிறவர்கள் யாரும் இந்த 52ஐக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அந்த 6ஐ விட இதுதான் பெரிது. தங்கள் கோபத்தை மூன்று வருடம் விடாமல் வைத்திருந்து, பாடியே தீர்த்த பிள்ளைகள். எத்தனை ஆசையாக இருக்கிறது அவர்களை நினைத்தால்.

ஜேனி 1980இல் ஜெர்சி சிட்டியில் கொல்லப்பட்டார். இதைத் தள்ளிவிட்டு அந்தப் பாட்டைக் கேட்க இன்று முடியவில்லை.

மார்ச் 13, வியாழன்
நாளை காலை பத்தரைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபோனில் எதுவும் சொல்ல மாட்டார்களாம். எல்லாருக்கும் அப்படித்தான் என்கிறார் இவர். இரண்டு தடவை சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை, அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது யாரென்று இன்னும் முடிவாகவில்லை.