நாற்பது மணித்தியாலமும் ஒரு சவக்காலையும்

ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் பிள்ளைகள் 40 மணித்தியாலம் தொண்டு வேலை செய்திருக்க வேண்டும். என் மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது ஆறு மணித்தியாலம்தான் செய்திருந்தாள். அதுவும் கோவில் அன்னதானத்தில் தட்டு எடுத்துக் கொடுத்தது. மிச்சத்துக்கு என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் மூலம் ஒரு தகவல் வந்தது. ரொறொன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள உக்ஸ்பிரிட்ஜ் ஊருக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவில், முதல் குடியேறிகளின் சின்னச் சவக்காலை ஒன்று இருக்கிறது. கல்லெழுத்துகளை வாசித்து எழுதி, அந்த இடத்தின் வரலாற்றையும் தொகுக்க ஆள் தேவை.

மாமிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "குமர்ப்பிள்ளையைச் சவக்காலைக்கோ கொண்டுபோறியள்?" என்று கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார். திரும்பி வந்தால் கராஜ் வழியாக நேரே குளியலறைக்குப் போகவேண்டும், நடுவில் ஒன்றையும் தொடக்கூடாது. அந்தக் கோடை முழுக்க அப்படியே செய்தோம். உண்ணி கடித்து லைம் நோய் வரக்கூடிய இடம் என்பதால், திரும்பி வந்ததும் குளி, உடுப்பைச் சூட்டில் உலர்த்து என்றுதான் சுகாதாரத்துறையும் சொல்கிறது. மாமிக்கு அதைச் சொன்னபோது "பார்த்தீரே" என்றார்.

முதல் வேலை அனுமதி. கைவிடப்பட்ட சவக்காலைகளைப் பராமரிக்கும் பொறுப்பு இங்கே அந்தந்த உள்ளூராட்சிக்கு. கடிதம் போட்டு, பதில் இல்லாமல், திரும்பப் போட்டு, ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு படிவம் வந்தது. தண்ணீரும் மெல்லிய நைலோன் தூரிகையும் மட்டும் பாவிக்கலாம். கம்பித் தூரிகை, பிளீச், அழுத்தத் தண்ணீர் மூன்றும் கூடாது. எழுத்துத் தெரிவதற்காக மாவோ சவர நுரையோ பூசக்கூடாது. சாய்ந்து நிற்கும் கல்லைத் தொடக்கூடாது, மண்ணைக் கிண்டக்கூடாது.

இதெல்லாம் கந்தோர் வேலை என்று அப்போது நினைத்தேன். போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. 1830களிலிருந்து 1880கள் வரை இந்தப் பக்கம் வைத்த கற்கள் பெரும்பாலும் வெள்ளைச் சலவைக்கல், இரண்டு மூன்று அங்குலத் தடிப்பு. நூற்றைம்பது வருட மழையும் பனியும் பட்டு மேற்பரப்பு சீனி போல ஆகிவிட்டது. விரலால் மெல்லத் தடவினாலே நுனியில் வெள்ளையாக ஒட்டும். அதில் கம்பித் தூரிகை போட்டால் வாசிக்க வந்த எழுத்தை நாமே அழித்துவிட்டு வரவேண்டியதுதான். சாய்ந்த கல்லின் கதை இன்னும் மோசம். மெல்லியதாகத் தெரியும், ஆனால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். விழுந்தால் கால் போய்விடும்.

எங்களுக்குப் பழக்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எழுபத்தெட்டு வயது. முதல் நாளே கதவில் மாட்டும் நீளக் கண்ணாடி ஒன்றை வாங்கி வரச் சொன்னார். மலிவுக் கடையில் வாங்கினேன். அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நிழல் பக்கம் பார்த்து நின்ற ஒரு கல்லின் முன் மகளை நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, கண்ணாடியில் வெயிலை வாங்கிக் கல்லின் முகத்தோடு உரசிப் போகிற மாதிரி அடித்தார். அதுவரை வெறும் சாம்பல் பலகையாக இருந்த கல்லில் மேலே ஒரு அழுகை வில்லோ மரம், அதன் கீழ் ஒரு பெயர், அதன் கீழ் திகதி என்று ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. கண்ணாடியை ஒரு அங்குலம் திருப்பினால் மறைந்துவிடும். மகள் "அப்பா, அப்பா, அசையவேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்று கத்திக்கொண்டே எழுதினாள்.

வாசிக்கத் தெரிந்துவிட்டது என்ற துணிவில் அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் தனியாகப் போய் முப்பது கல் எழுதி வந்தோம். அட்டவணையை ஆசிரியையிடம் காட்டியபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்த ரெலிக்ட் குடும்பம் பெரிய குடும்பம் போல" என்றார். ஐந்து பெண்களுக்கு ரெலிக்ட் என்று குடும்பப் பெயர் போட்டு வைத்திருந்தேன். அது பெயரே அல்ல, கைம்பெண் என்பதற்கான பழைய சொல். கொன்சோர்ட் என்று இருந்தால் கணவன் உயிரோடு இருக்கும்போதே போனவள். ஆண்களின் கல்லில் இப்படி ஒன்றும் இல்லை.

வயதை வருடம், மாதம், நாள் என்று மூன்றாகப் பிரித்து வெட்டியிருப்பார்கள். பிறந்த திகதி இருக்காது, இறந்த திகதியிலிருந்து கழித்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முப்பது நாளா முப்பத்தொன்றா என்பதில் ஒரு நாள் முன்பின் ஆகும். மகள் அதற்கு ஒரு சூத்திரம் எழுதிக்கொண்டாள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. பல கற்களில் ஆளின் பெயருக்குக் கீழே "அயர்லாந்து, டைரோன் கவுண்டியில் பிறந்தவர்", "ஸ்கொட்லாந்து, ரொக்ஸ்பரோஷயர் ஊரவர்" என்று இருந்தது. எங்கள் மரண அறிவித்தல் அப்படியே இதுதான். என் அப்பாவுக்கு நான் எழுதிக்கொடுத்ததில், புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சி, ரொறொன்ரோ ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட என்று வந்தது. பத்திரிகைக்காரர் வட்டாரத்தையும் கேட்டார், நாலாம் வட்டாரம் என்றேன். இங்கே ஒருவர் தன் கல்லில் பரிஷின் (தேவாலயப் பங்கின்) பெயர் வரைக்கும் வெட்டுவித்திருந்தார்.

ஒரு கல்லில் நாலு பிள்ளைகள். மேலே படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி, அதன் காது உடைந்திருந்தது. 1877 ஜனவரியில் ஒன்பது நாளுக்குள் நாலு பேர். பெரியவனுக்கு எட்டு வயது. ஒன்ராறியோவில் இறப்புப் பதிவு 1869 ஜூலை 1ஆம் திகதி தொடங்கியதால் இவர்களைத் தேட முடிந்தது. மூன்று பிள்ளைகளின் பதிவு கிடைத்தது. காரணம் மூன்றிலும் டிப்தீரியா (தொண்டை அடைப்பான்), தகவல் சொன்னவர் மூன்றிலும் தகப்பன். நாலாவது பதிவு இல்லை. கைக்குழந்தை, எட்டு மாதம். பதிய மறந்தாரோ, திரும்பவும் அந்தக் கந்தோருக்குப் போக மனம் வரவில்லையோ. டிப்தீரியாவுக்கு எதிர்மருந்து பரவலானது 1890களின் நடுவில்தான். ரொறொன்ரோவில் அதைச் செய்வதற்காகப் பேராசிரியர் ஜோன் ஃபிட்ஸ்ஜெரல்ட் ஒரு குதிரை லாயத்தில் வேலை தொடங்கியது அதற்கும் இருபது வருடம் கழித்து. அன்று திரும்பும் வழியில் மகள் காரில் ஒன்றும் கதைக்கவில்லை. அட்டவணையில் அந்த நாலு வரியையும் அவளே தட்டினாள்.

இனி வரலாறு. இதற்குக் காணி உறுதிதான் வழி. ஊரில் தாய் உறுதி தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இங்கே வேலை சுகம். பழைய காணிப் பதிவேடுகளின் படங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நகரசபை முகவரியை வைத்துத் தேடினால் வராது, லொட் (காணித் துண்டு) எண்ணும் கொன்செஷன் (துண்டுகள் இருக்கும் வரிசை) எண்ணும் வேண்டும். அந்தக் காலத்தில் காட்டைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, பெரும்பாலும் இருநூறு ஏக்கர் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் லொட்டின் பக்கத்தில் முதல் வரியில் முடியரசு கொடுத்த பட்டயம். அதற்கு மேலே ஒன்றும் இல்லை, ஏதோ காணி அன்றைக்குத்தான் முளைத்தது போல. இந்தப் பகுதி மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். இதற்காக அரசு பூர்வகுடிகளோடு செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் 1923இல்தான் எழுதப்பட்டன. அதில் நடந்த அநியாயத்துக்கு ஈடு பேசி முடிந்தது 2018இல். அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் "முதல்" குடியேறிகள் என்று எழுதக் கை கூசியது. அறிக்கையில் "ஐரோப்பியக் குடியேறிகள்" என்று மாற்றினேன்.

பட்டயத்துக்குச் சில வரிகள் கீழே, 1844இல், விவசாயி ஒருவர் அரை ஏக்கரை மெதடிஸ்ட் சபையின் பொறுப்பாளர்களுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு எழுதிக்கொடுத்திருந்தார். எங்கள் கணக்கில் எட்டுப் பரப்பு. 1828க்கு முன்னர் என்றால் மெதடிஸ்ட்காரர் இப்படிச் சபையின் பெயரில் காணி வைத்திருக்கவே முடியாது. அந்த வருடச் சட்டம்தான் ஐந்து ஏக்கர் வரை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது.

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். 1982இல் யாரோ தட்டச்சில் எடுத்த பழைய கல்லெழுத்துப் பட்டியல் ஒன்று ஆசிரியையிடம் இருந்தது. அதில் 74 கற்கள், எங்களிடம் 61. காணாமல் போன பதின்மூன்றில் ஒன்று, பட்டியலிலேயே மிகப் பழையது, 1841. உறுதி எழுதியது 1844, புதைத்தது 1841. அப்படியென்றால் காணி கைமாறுவதற்கு முன்பே இது ஒரு வீட்டுக்காரரின் சொந்தப் புதைநிலமாக இருந்திருக்கிறது! மற்ற இடங்களில் அப்படி நடப்பதுதான் வழக்கம். விவசாயி தன் வீட்டில் ஒருவரைக் காணி மூலையில் புதைப்பார், அயலார் கேட்பார்கள், பிறகு சபைக்கு எழுதுவார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். நல்லாக வந்திருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியை படித்துவிட்டு, "கல்லைப் பார்த்தீரோ?" என்றார். இல்லையே, கல் எங்கே இருக்கிறது?

கல் எங்கே என்பதே ஒரு தலையிடி. கனடாவின் நூற்றாண்டான 1967ஐ ஒட்டி இந்த மாகாணத்தில் பல சவக்காலைகளைத் "துப்புரவு" செய்தார்கள். விழுந்த கற்களைப் பொறுக்கி ஒரு வரிசையாக சீமெந்தில் நட்டுவிடுவது, புல் வெட்டும் மெஷின் போக வசதியாக. இங்கேயும் இருபத்தியேழு கல் அப்படி நிற்கிறது. எந்தக் கல் யாருடைய தலைமாட்டில் இருந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. சீமெந்து சலவைக்கல்லை விட இறுக்கம் என்பதால், பனிக்காலத்தில் கல்தான் வெடிக்கிறது. அடியில் இருந்த கடைசி வரிகள் சீமெந்துக்குள் போய்விட்டன. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான், சரி, ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றவை விழுந்து, புல் மூடி, உள்ளே போனவை. கல் இல்லையென்றால் ஆள் இல்லை என்றும் எடுக்கக்கூடாது. மரப்பலகை நட்டவர்கள் உண்டு, அதுவும் நடாதவர்கள் உண்டு. உக்ஸ்பிரிட்ஜில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1820இல் கட்டிய தொழுகை இல்லம் இன்றும் நிற்கிறது. அவர்கள் ஆரம்பத்தில் கல் வைப்பதையே ஆடம்பரம் என்று ஒதுக்கியவர்கள்.

திரும்பவும் உள்ளூராட்சிக்குக் கடிதம். செப்டெம்பர் கடைசியில் இரண்டு பேர் மெல்லிய கம்பிகளோடு வந்தார்கள். புல்லுக்குள் சாய்வாக விட்டுவிட்டு, கல் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் சின்னக் கொடி குத்துவார்கள். பழைய பட்டியலின் வரிசையைப் பார்த்து, கிழக்கு வேலியோரம் லைலாக் புதர் பக்கம் தேடச் சொன்னாள் மகள். மூன்று கொடி குத்தினார்கள். மூன்றாவது, புல்லுக்குக் கீழே நாலு அங்குலத்தில், குப்புறக் கிடந்தது. அவர்களே பட்டி போட்டுத் தூக்கிப் புரட்டினார்கள்.

மழை படாமல் கிடந்ததால் எழுத்தெல்லாம் நேற்று வெட்டியது போல இருந்தது. உளி நின்ற இடம் தெரிந்தது. வரி நேராக வர வெட்டியவர் முதலில் கீறிக்கொண்ட மெல்லிய கோடுகூட இருந்தது. மகள் ஈரத் துணியால் மண்ணை ஒற்றி எடுத்தாள். பட்டியலில் இருந்த அதே பெயர். திகதிக்கு வந்தபோது நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். 1847. நாற்பது வருடத்துக்கு முன்பு வாசித்தவர் ஏழின் மேல்கோட்டில் மண் ஒட்டியிருந்ததால் ஒன்று என்று எடுத்திருக்கலாம்.

ஒன்றரைப் பக்கமும் போச்சு. காணி எழுதி மூன்று வருடம் கழித்துத்தான் அந்த மனிதர் இறந்திருக்கிறார். இப்போது எங்களிடம் உள்ள மிகப் பழைய கல் 1845, அதுவும் ஒரு குழந்தையுடையது. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. தெர்மோஸில் இருந்த தேத்தண்ணியை எனக்கு ஊற்றித் தந்தார், அவ்வளவுதான்.

மகளின் படிவத்தில் அவர் கையெழுத்து வைத்தபோது மொத்தம் 57 மணித்தியாலம். மேலதிகத்துக்குப் பள்ளிக்கூடம் ஒன்றும் தராது. அட்டவணை இப்போது 64 வரி, இன்னும் பத்துக் கல் வேலியோரமோ எங்கேயோ கிடக்கிறது. பனி உருகினதும் அந்தக் கம்பிக்காரர்கள் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி கராஜில், மாமியின் செருப்புகளுக்குப் பக்கத்தில், துணி சுற்றி வைத்திருக்கிறது. அதை வீட்டுக்குள் எடுக்க அவர் இன்னும் விடவில்லை.