யானைச் சின்னக் கூட்டம் எந்த ஆண்டு? தேர்தல் நினைவுகளைப் பதிவு செய்து பார்த்த அனுபவம்

மலையகத்துச் சிறு நகரங்களுக்கு ஜனாதிபதி வேட்பாளர்கள் வந்துபோன நாட்களைப் பற்றி, இப்போது கொழும்பில் இருக்கும் முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்து வருகிறேன். கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெரியவர்கள் நிறையப் பேர். கருவி என்று பார்த்தால் கைத்தொலைபேசியே போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

ஆண்டைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. “எந்த வருஷம் ஐயா?” என்றால் யோசிக்கிறார்கள், “என்ன சின்னம்?” என்றால் உடனே பதில் வருகிறது. அன்னம் என்றால் 2010, 2015 அல்லது 2019. 2019 தேர்தல் நவம்பரில் நடந்தது. மற்ற இரண்டும் ஜனவரித் தேர்தல்கள், 2010இல் 26ஆம் திகதி, 2015இல் 8ஆம் திகதி. ஜனவரி என்றால், வாக்குப் போட்டது பொங்கலுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் தீர்ந்தது. நாற்காலி என்றால் சந்திரிகா குமாரதுங்க. 1994 அல்லது 1999. அங்கே எதிரே நின்றவர் யார் என்று கேட்கிறேன். 1994 ஒக்டோபரில் கொழும்பு தொட்டலங்கக் கூட்டத்தில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் காமினி திசாநாயக்க கொல்லப்பட்டதும் அவருடைய மனைவி ஸ்ரீமா வேட்பாளரானார். இரு பெண்கள் மோதிய அந்தத் தேர்தலை நான் பேசிய அம்மாமார் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

யானையிடம்தான் இந்த வழி பலிக்கவில்லை. 1982 முதல் 2005 வரை ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு யானைதான். அதனால், “அப்போது உங்களுக்கு வாக்கு இருந்ததா?” என்று கேட்கத் தொடங்கினேன். ஆண்டுக்காகக் கேட்ட கேள்வி, இந்த வேலையையே வேறு பக்கம் திருப்பிவிட்டது.

பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்தெடுத்த ஓர் அம்மா சொன்னார்: “லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெயிலில் நின்று கை தட்டினோம். வாக்கு எங்கே இருந்தது எங்களுக்கு?” அப்படியானால் அது 1982, நாட்டின் முதல் ஜனாதிபதித் தேர்தல். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இந்திய வம்சாவளித் தோட்டக் குடும்பங்களில் பல, இவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் காத்திருந்தன. 1986இலும் 1988இலும்தான் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் வந்தன.

வாக்கில்லாதவர்களைக் கூட்டம் காட்டக் கொண்டுபோய் நிறுத்தியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த அம்மாவோ அன்றைய நாளை மகிழ்ச்சியோடுதான் சொன்னார். மலை ஏறாத ஒரு நாள், டவுனில் வளையல் வாங்கியது, ஒலிபெருக்கியில் பாட்டு. மேடையில் என்ன பேசினார்கள் என்பது அவருக்கு நினைவில்லை, அதைக் கேட்கவும் தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன். எங்கே நின்றீர்கள், யாரோடு போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அவருடைய மகிழ்ச்சியையும் என் கோபத்தையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தக் கூடாது.

சுவடிகள் திணைக்களத்தில் பழைய வீரகேசரி இதழ்களோடு ஒப்பிடும் வேலையும் கூடவே நடக்கிறது. கூட்டம் நடந்த திகதிக்கும் பேசியவர்களின் பெயருக்கும் பத்திரிகை உதவுகிறது. கேட்டு நின்றவர்களில் எத்தனை பேருக்கு வாக்கு இருந்தது என்பதற்கு இவர்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

அடுத்து, அந்தக் காலத்தில் தோட்டத் தலைவர்களாக இருந்தவர்களைத் தேடுகிறேன். லொறி பிடித்துக் கொடுத்தது யார், கூட்டத்துக்குப் போனவர்களுக்கு அன்றைக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) போட்டார்களா, இல்லை சம்பளத்தில் வெட்டினார்களா என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.